எந்தப் புள்ளி எத்தனை மணிக்கு

“அந்த ஆளு எங்க வீட்டுப் பக்கமே வரல! அன்னிக்குப் பொழுதுக்கும் வாசல்ல உக்காந்திருந்தவ நான்!” என்று மேனேஜரின் மேசையைத் தட்டினார் போஸ்ட்மாஸ்டர் அம்மா. ஓய்வு பெற்றாலும் முத்திரை குத்துகிற வேகம் கையை விட்டுப் போகவில்லை.

எதிரே நின்ற சர்வேயருக்கு ஆபீஸில் ‘முக்காலி’ என்று பெயர். மூன்று கால் ஸ்டாண்டைத் தோளில் சுமந்து சுமந்து சம்பாதித்த பட்டம். போன செவ்வாய்க்கிழமை வெயிலில் காய்ந்து இந்த அம்மாவின் மனையை அளந்து, வரைபடமும் கொடுத்தாயிற்று. இப்போது வரவே இல்லை என்றால் மனுஷனுக்குப் பற்றிக்கொண்டு வருமா வராதா?

“என் மச்சினன்தான் சார் கோல் பிடிச்சான். கேட்டுப் பாருங்க.”

“ஆமா சார், மாமா அளந்தாரு” என்றான் கதவோரம் நின்ற மச்சினன்.

“சொந்த மச்சினன் வேற என்னத்தைச் சொல்லுவான்?” என்றார் அம்மா.

“அளவெல்லாம் பத்திரத்தோட பொருந்துதே மேடம்?” என்றார் மேனேஜர்.

“எங்க குடியிருப்புல எல்லா மனையும் ஒரே அளவு. ஃபேனுக்கடியில உக்காந்தே எழுதலாம்!”

மேனேஜர் முக்காலியின் பக்கம் திரும்பினார். “மனையில ஒவ்வொரு புள்ளியையும் எத்தனை மணிக்கு அளந்தீங்கன்னு சர்வே கருவியோட ஃபைல்ல இருந்து எடுத்துக் குடுங்க. இல்லேன்னா கருவியை வச்சிட்டுக் கிளம்புங்க. வேலைக்கு வேற ஆள் பார்த்துக்கறேன்.”

“எடுத்துத் தர்றேன். தந்ததும் நீங்க ரெண்டு பேரும் என்கிட்ட மன்னிப்புக் கேக்கணும்!”

மச்சினன் பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்தான். முக்காலி தட்டிவிட்டார்.

வழக்கமாக அச்சடிக்கிற தாளில் புள்ளியின் எண்ணும் அளவும்தான் வரும், நேரம் வராது. அது ஃபைலின் அடிவயிற்றில், ஏதேதோ எண்களுக்கு நடுவே புதைந்து கிடக்கும். முக்காலி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, கல் பொறுக்குகிற மாதிரி ஒவ்வொரு புள்ளிக்கும் நேரத்தைப் பொறுக்கி எடுத்தார். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு தாளை நீட்டினார்.

அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். “முதல் புள்ளி, ராத்திரி ஒரு மணி. அடப்பாவி, நீ அளக்க வந்தியா, திருட வந்தியா?”

ஆபீஸே சிரித்தது.

“பேட்டரி செத்துப் போனா கருவியோட கடிகாரம் குழம்பிடும் மேடம்! இப்ப எவ்வளவு வித்தியாசம் காட்டுதுன்னு பார்த்துக் கூட்டிட்டா சரியாப் போச்சு!” என்று முக்காலி தன் போனை எடுத்தார்.

“போன் கீன் எல்லாம் வேண்டாம். இங்க ஆபீஸ் கடிகாரம்தான் கணக்கு” என்றார் மேனேஜர்.

சரி என்று சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, வித்தியாசத்தைக் கூட்டி, மறுபடி தாளை நீட்டினார். இந்தத் தடவை பகல் வேளைதான். ஆனால் கடைசிப் புள்ளி இரண்டரை மணிக்கு.

“செவ்வாய்க்கிழமை ரெண்டரைக்கா?” என்று அக்கவுண்டன்ட் அக்கா போனைத் தடவினார். “அப்பத்தானே என் பொண்ணு பாஸ் பண்ணதுக்கு இங்க கேக் வெட்டினோம்? இந்தா போட்டோ. வாயெல்லாம் க்ரீமோட நிக்கறது யாராம்?”

சாட்சாத் முக்காலிதான். மச்சினன் தலையில் கை வைத்துக்கொண்டான். மேனேஜர் கருவியை வாங்கக் கையை நீட்டினார்.

“தர மாட்டேன்!” முக்காலிக்கு ரோஷம் தலைக்கேறிவிட்டது. நாற்காலி மேல் ஏறிச் சுவர்க் கடிகாரத்தைக் கழற்றிவிட்டார். “எல்லாரும் உங்க போனைப் பாருங்க! நமக்கு லேட் மார்க் போடறதுக்காக இவரு கடிகாரத்தை அரை மணி முன்னாடி தள்ளி வச்சிருக்காரு. அந்த அரை மணியைக் கழிங்க. நான் ரெண்டு மணிக்கே முடிச்சாச்சு!”

ஆபீஸ் கொதித்தெழுந்தது. “அதானே பார்த்தேன்!” என்று அக்கவுண்டன்ட் அக்கா கட்சி மாறினார். மேனேஜரின் முகத்தில் ஈயாடவில்லை.

“மேடம், நேரம் எல்லாம் சரியாத்தான் இருக்கு” என்று முனகினார் மேனேஜர்.

“இருக்கட்டும். எங்க வீட்டுக்கு யாரும் வரல” என்றார் அம்மா.

முக்காலி தன் மேசையிலிருந்து ஒரு பச்சை ஃபிளாஸ்க்கைக் கொண்டுவந்து அவர் முன் டொக்கென்று வைத்தார். “அப்ப இது யாரோடது? உங்க வீட்டுக்காரர்தானே ஐஸ் தண்ணி ஊத்திக் குடுத்தாரு? உங்க கேட்டுல எங்க ஆபீஸ் பேர் போட்ட குடையைக் கட்டிட்டுத்தானே வேலை பார்த்தேன்?”

“என் வீட்டுக்காரர் கப்பல்ல இருக்காருய்யா! அடுத்த மாசம்தான் வர்றாரு!”

எல்லோரும் ஃபிளாஸ்க்கை ஒரு தடவையும் அம்மாவை ஒரு தடவையும் பார்த்தார்கள்.

“மேடம், ஃபைல் பொய் சொல்லாது” என்று மேனேஜர் மெதுவாகச் சொன்னார். கடிகார விஷயத்தை எல்லோரும் மறந்தால் போதுமென்று இருந்தது அவருக்கு. “முக்காலி, என்னை மன்னிச்சிடுங்க.”

போஸ்ட்மாஸ்டர் அம்மா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். குரல் இறங்கிவிட்டது. “எனக்குத்தான் கண்ணு அவிஞ்சு போச்சோ என்னவோ. மன்னிச்சுக்கப்பா.”

முக்காலி மச்சினனைப் பார்த்து மீசையை முறுக்கினார். “பார்த்தியாடா? நேர்மையா வேலை செஞ்சவன் யாருக்கும் பயப்படத் தேவையில்ல!”

அப்போது தொப்பி போட்ட ஒருவர் வாசலில் தயங்கித் தயங்கி எட்டிப் பார்த்தார்.

“குடையில இருந்த பேரை வச்சு விசாரிச்சு வந்தேன். அட, அடுத்த தெரு மேடம், நீங்களும் இங்கயா? சார், போன செவ்வாய்க்கிழமை என் வீட்டை வளைச்சு வளைச்சு அளந்தீங்களே, எதுக்குன்னு நான் கேக்க வரல. அந்தப் பச்சை ஃபிளாஸ்க்கை மட்டும் குடுத்துடுங்க.”