இருவாச்சி கேமரா வாங்கப் போன கதை

ஒரு காட்டில், செல்போன் டவர் நன்றாகக் கிடைக்கிற மலைச்சரிவில், வெள்ளத்தாய் என்றொரு இருவாச்சிப் பறவை தன் கணவன் கொம்பையாவோடு குடித்தனம் நடத்திவந்தாள்.

இருவாச்சிகளின் குடும்ப வழக்கம் கொஞ்சம் கடுமையானது. முட்டையிடும் காலம் வந்ததும் பெண் பறவை மரப்பொந்துக்குள் போய், சேற்றைக் குழைத்து வாசலை அடைத்துக்கொள்ளும். அலகு நுழையும் அளவுக்கு ஒரு கீற்று மட்டும் திறந்திருக்கும். குஞ்சு வளரும்வரை ஆண் பறவை பழம் பறித்து வந்து அந்தக் கீற்று வழியாக ஊட்டவேண்டும். அரசாங்கத்தில் இதற்குப் பேறுகால விடுப்பு என்று பெயர். காட்டில் இதற்குப் பெயர் எதுவும் இல்லை.

வெள்ளத்தாய்க்கு இது இரண்டாவது முறை. முதல் முறை பிறந்த மூக்கனை அவள் இருட்டிலேயே ஆளாக்கினாள். சுவரை உடைத்து வெளியே வந்த அன்று அவன் இறகை உதறினான், "வர்றேம்மா" என்றான், மலைக்கு அந்தப் பக்கம் போய்விட்டான். வெளிச்சத்தில் அவன் முகத்தை அவள் பார்த்தது அவ்வளவுதான். அதிலும் பாதி நேரம் வெயில் கண்ணில் அடித்தது.

ஆகவே இந்த முறை அடைகாக்க உட்கார்ந்ததும், கீற்று வழியாகக் கணவனைக் கூப்பிட்டுச் சொன்னாள்.

"இந்தாங்க, மூக்கன் மூஞ்சியே எனக்கு மறந்துபோச்சு. இந்தப் பிள்ளை பறக்குறப்ப ஒரு போட்டோவாவது எடுத்து வச்சுக்கணும். ஒரு கேமரா வாங்கிட்டு வாங்க."

"இது ஒரு பெரிய விஷயமா? இன்னைக்கே வாங்கிருவோம்" என்று சொல்லிவிட்டுக் கொம்பையா பறந்தான்.

ஆற்றங்கரை மருதமரத்தில் சின்னக்கண்ணு என்ற தேவாங்கு கேமரா கடை வைத்திருந்தது. கொம்பையா சாயங்காலம் திரும்பி வந்தபோது அவன் அலகில் கேமராவும் இல்லை, பழமும் இல்லை.

"ரெண்டு வகை இருக்காம்" என்றான்.

"பழம்?"

"பெருசு ஒண்ணு, சிறுசு ஒண்ணு. பெருசுல லென்ஸைக் கழட்டி வேற மாட்டலாம். எவ்வளவு வேகமாப் பறந்தாலும் அப்படியே பிடிச்சிரும். ஆனா கனம். சிறுசை பாக்கெட்டுல போட்டுக்கலாம். அமுக்குனா போதும், மத்ததை அதுவே பாத்துக்கும்."

"நமக்குப் பாக்கெட் கிடையாதே."

"அதையும் யோசிக்கணும்" என்றான் கொம்பையா. யோசிக்க ஒரு கிளையைப் பார்த்து உட்கார்ந்தான்.

மறுநாள் சின்னக்கண்ணு இரண்டு கேமராவையும் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பார்க்கச் சொல்லிக் கொடுத்தனுப்பியது. நல்ல மனசுதான். ஆனால் கொம்பையாவுக்கு இருப்பது ஒரே அலகு. அதில் பெரிய கேமராவைக் கவ்வினால் பழத்தைக் கவ்வ முடியாது. கனம் பழகவேண்டும் என்று அவன் அதையே பலமுறை மேலும் கீழும் தூக்கிப் பறந்து பார்த்தான். வெள்ளத்தாய் பொந்துக்குள் பட்டினி கிடந்தாள். பிறகு கீற்றில் கேமராவை வைத்து உள்ளே ஒரு படம் எடுத்தான். சின்னதிலும் ஒன்று எடுத்தான்.

"பெருசுல இருட்டு நல்லா சுத்தமா விழுது" என்று அவளுக்குச் சொன்னான். "சிறுசுல அதே இருட்டு புள்ளிபுள்ளியா விழுது."

"எனக்குப் பசிக்குது."

"அதான் சொல்றேன். அவசரப்பட்டு வாங்கியிருந்தா ஏமாந்திருப்போம்."

இதற்கு நடுவில் முட்டை பொரிந்தது. இருட்டில் பிறந்த பெண் என்பதால் இருளாயி என்று வெள்ளத்தாய் பெயர் வைத்தாள். சந்தோஷமாகக் கீற்றில் அலகை நீட்டிச் சேதி சொன்னபோது கொம்பையா முதலில் கேட்டது இதுதான்: "என்ன கலரு? சிறுசுல சிவப்பு கொஞ்சம் தூக்கலா அடிக்குமாம்."

அந்தக் காட்டில் ஒரு சோலைமந்தி வீடியோ போட்டுக்கொண்டிருந்தது. எந்தச் சாமான் புதிதாக வந்தாலும் அதைப் பிரித்து, முகர்ந்து, இரண்டு பக்கமும் திருப்பிக் காட்டி நல்லது கெட்டது சொல்லும். பெரிய கேமராவையும் சின்ன கேமராவையும் ஒப்பிட்டு அது பேசிய வீடியோவைக் கொம்பையா காலையிலிருந்து சாயங்காலம்வரை பார்த்தான். கடைசியில் மந்தி கேமராவை நேராகப் பார்த்துச் சொன்னது: "ரெண்டுமே நல்லதுதான் மக்களே. உங்க தேவையைப் பொறுத்தது."

"எவ்வளவு தெளிவாச் சொல்லிட்டான்!" என்று கொம்பையா மனைவியிடம் வந்து வியந்தான்.

அன்றைக்குத்தான் வெள்ளத்தாய் அவனை முதன்முதலாகக் கொத்தினாள். கீற்று சின்னது என்பதால் மூக்கு நுனியில்தான் பட்டது.

"நாளைக்குப் பழம் வரலைன்னா இந்தச் சுவரை உடைச்சுட்டு வந்து ரெண்டு கேமராவையும் ஆத்துல போட்டுருவேன். பிள்ளை வயித்தைத் தொட்டுப் பாத்தா முதுகு தட்டுப்படுது. நீங்க அப்பனா, இல்ல அந்த மந்திக்கு அஸிஸ்டென்டா?"

கொம்பையா இரண்டு கேமராவையும் கடையில் திருப்பிக் கொடுத்தான். அதற்குப் பிறகு பழம் ஒழுங்காக வந்தது. ஆனால் சும்மா வரவில்லை. ஒவ்வொரு அத்திப்பழத்தோடும் ஒரு சேதி வந்தது. ஒரு பழத்துக்கு பேட்டரி. ஒரு பழத்துக்கு ஜூம். மழைக்காலத்தில் எது நனையும், எது நனையாது என்பதற்கு ஒரு குலையே வந்தது. வெள்ளத்தாய் பழத்தை மட்டும் வாங்கிக்கொண்டாள். இருளாயி வாயைப் பிளந்து கீற்றையே பார்த்துக்கொண்டிருப்பாள். பிள்ளைக்கு இன்னும் பசி போலிருக்கிறது என்று தாய் நினைத்துக்கொண்டாள்.

சுவரை உடைக்கும் நாள் வந்தது. வெள்ளத்தாய் காய்ந்த சேற்றைக் கொத்திக் கொத்தி உதிர்த்தாள். வெளிச்சம் உள்ளே பாய்ந்தது. அப்போதுதான் மகளைப் பார்த்தாள். மஞ்சள் அலகு, கழுத்தில் பழக்கறை, கொஞ்சம் சந்தேகத்தோடு பார்க்கிற கண். உடனே கணவனைத் தேடினாள். எதிர்க்கிளையில் கொம்பையா வெறும் அலகோடு உட்கார்ந்திருந்தான்.

"இன்னும் ஒரே ஒரு விஷயம்தான் பாக்கி" என்றான்.

இருளாயி இறகை உதறினாள். இந்தத் தடவையாவது கண் கொட்டாமல் பார்த்துவிடுவது என்று, வெள்ளத்தாய் வெயில் அடித்தும் கண்ணை மூடாமல் நின்றாள். மகள் எழும்பினாள், காற்றில் தடுமாறினாள், நேராகப் போய் அப்பன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அப்பா, சிறுசுதான் நல்லது" என்றாள்.

"அப்படி ஒரேயடியாச் சொல்லிற முடியாது தாயி."

"ஏன் முடியாது? கனத்தைச் சுமந்துக்கிட்டு எவன் பறப்பான்?"

"கனம் இருந்தாத்தான் காத்துல ஆடாது."

அப்பனும் மகளும் இருட்டும்வரை பேசினார்கள். விடிந்ததும் பேசிக்கொண்டே கடைக்குப் போனார்கள். சாயங்காலம் பேசிக்கொண்டே திரும்பினார்கள். மறுநாளும் அப்படியே. மலைக்கு அந்தப் பக்கம் என்று ஒன்று இருப்பதாகவே இருளாயி காட்டிக்கொள்ளவில்லை. வெள்ளத்தாய் அத்திமரத்தில் பழம் சேர்த்துவைத்துக் காத்திருப்பாள். மகள் வந்து உட்கார்ந்து பழத்தை விழுங்கும்போது அந்த முகத்தை ஆசைதீரப் பார்ப்பாள். சில நாள் மகளுக்குச் சளி பிடித்தது. ஒரு நாள் அலகில் கீறல் விழுந்தது. எல்லாவற்றையும் அவள் உடனுக்குடன் பார்த்தாள்.

பக்கத்துப் பள்ளத்தில் வீரணன் என்ற இருவாச்சி இருந்தான். அவன் யாரையும் கேட்காமல், ஒரே நாளில் போய்ப் பெரிய கேமராவை வாங்கிவந்தவன். மகன் முதல்முதலாகப் பறந்ததைப் படம் எடுத்துப் பெரிதாக்கி மரத்தில் மாட்டியிருந்தான். வெள்ளத்தாயை அவன் மனைவி கூப்பிட்டுக் காட்டினாள். ஒவ்வொரு இறகும் தனித்தனியாகத் தெரிந்தது. ஒரு இறகின் நுனியில் பனித்துளிகூட இருந்தது.

"அருமையா விழுந்திருக்கு" என்றாள் வெள்ளத்தாய். "பையன் எங்க?"

"அன்னைக்கே போயிட்டான். 'படத்தை எனக்கும் அனுப்பி வைங்கப்பா'ன்னு சொல்லிட்டுப் போனான்" என்று சொல்லி, அந்த அம்மாள் படத்தில் படிந்த தூசியை அலகால் துடைத்தாள். வெள்ளத்தாய் அதற்குமேல் அங்கே இருக்கவில்லை.

அன்று சாயங்காலம் கொம்பையா உற்சாகமாக வந்தான்.

"இவ சொல்றதுதான் சரின்னு படுது. சிறுசையே வாங்கிருவோம். நாளைக்குக் காலையில."

"வாங்குனதும் என்னை ஒரு படம் எடுங்கப்பா" என்றாள் இருளாயி. "அதுக்கப்புறம் நான் மலைக்கு அந்தப் பக்கம் ஒரு எட்டு போய்ப் பாக்குறேன்."

வெள்ளத்தாயின் அலகிலிருந்து பழம் நழுவிக் கீழே விழுந்தது.

மறுநாள் அவர்கள் எழுந்திருக்குமுன் அவள் ஆற்றங்கரைக்குப் போனாள். சின்னக்கண்ணு அப்போதுதான் தூங்கப் போகலாமா என்று கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தது.

"அண்ணே, இந்த ரெண்டு வகையை விட்டா வேற எதுவும் இல்லையா?"

"இருக்கு தாயி. உள்ளுக்குள்ள கண்ணாடி இல்லாத வகை ஒண்ணு வந்திருக்கு. பெருசு செய்றதை எல்லாம் செய்யும், சிறுசு மாதிரி லேசு. இன்னும் பெட்டியைப் பிரிக்கலை."

"பிரிச்சு முன்னாடி வைங்க."

தேவாங்கு தன் பெரிய கண்களால் அவளைப் பார்த்தது. "உங்க வீட்டுக்காரரும் பொண்ணும் இன்னைக்கு வாங்குறதாச் சொன்னாங்களே. கேமரா வேணும்னு கேட்டதே நீங்கதானாமே?"

"கேட்டேன். இப்ப வேணாம்."

"என் யாவாரம் என்ன ஆகுறது?"

"அவங்க ரெண்டு பேரும் இங்க உக்காந்து பேசுறப்ப கடை முன்னாடி எவ்வளவு கூட்டம் நிக்குது?"

சின்னக்கண்ணு யோசித்தது. உண்மைதான். நேற்றுகூட அவர்கள் பேச்சை வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்த ஒரு மிளா மான், தலை சுற்றி, இரண்டு கேமராவையும் வாங்கிக்கொண்டு போயிருந்தது. தேவாங்கு மறுபேச்சுப் பேசாமல் பெட்டியைப் பிரித்தது.

வெயில் ஏறும் நேரத்தில் அப்பனும் மகளும் கடைக்கு வந்தார்கள். "சிறுசைக் குடுங்க" என்றான் கொம்பையா.

"தாராளமா" என்றது சின்னக்கண்ணு. "வாங்குறதுக்கு முன்னாடி இதையும் ஒரு பார்வை பாத்துருங்க."

அன்று அவர்கள் வீடு திரும்ப நன்றாக இருட்டிவிட்டது. காலிலும் அலகிலும் ஒன்றுமில்லை. இருளாயி மூச்சுவாங்க வந்து அம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அம்மா, எல்லாத்தையும் முதல்ல இருந்து பாக்கணும்மா. இத்தனை நாளு பேசுனது பூரா வீணு."

"பாரு, பாரு. அவசரம் என்ன?" என்று சொல்லி வெள்ளத்தாய் மகளின் வாயில் ஒரு பழத்தை வைத்தாள்.

நீதி: பெற்ற பிள்ளை கூடவே இருக்கவேண்டுமானால் பாசம் மட்டும் போதாது, கடையில் மூன்றாவதாக ஒரு மாடலும் இருக்கவேண்டும்.