கோபப்பட ஓர் ஆள் தேவை

ஒன்பது மணியாகியும் கசோண்டேயின் கவுண்டருக்கு ஒரு கோபக்காரர்கூட வந்தபாடில்லை.

வந்தவர்களெல்லாம் சிரித்த முகமாகவே வந்தார்கள். ஏன் சிரிக்க மாட்டார்கள்? ஊர் ஜனங்களைத் திரட்டி, தேநீரும் பன்னும் கொடுத்து, "இன்றைக்கு நீங்கள்தான் பயணிகள்" என்று புது விமான நிலையத்துக்குள் விட்டிருந்தார்கள். ஒத்திகை. மணிக்கட்டில் ஆளுக்கொரு மஞ்சள் நாடா. ஒருவருக்கு மயங்கி விழும் வேஷம், ஒருவருக்குக் குழந்தையைத் தொலைக்கும் வேஷம், ஒருவருக்குக் கோபப்படும் வேஷம்.

"அந்தக் கோபக்காரர் உன் கவுண்டருக்குத்தான் வருவார். அவரைச் சமாளிச்சிட்டேன்னா உனக்கு வேலை நிரந்தரம்" என்று மேலாளர் சித்தாலு சொல்லியிருந்தார்.

கசோண்டே பழைய விமான நிலையத்தில் பல வருஷமாகத் தினக்கூலி. சனிக்கிழமையோடு அதை மூடுகிறார்கள்; அதுவரை விமானமெல்லாம் அங்கிருந்துதான். புதியது பத்து மடங்கு பெரியது, வேலையும் பத்து மடங்காகும் என்று எங்கள் ஊரே நம்பிக் கிடந்தது. கட்டடம் வளர்ந்தது வாஸ்தவம்தான். கூடவே மெஷின்களும் வளர்ந்துவிட்டன. பெட்டியை எடை போட ஒன்று, சீட்டு அச்சடிக்க ஒன்று. மனிதன் உட்கார என்று அந்த வரிசையில் மிஞ்சியது ஒரே ஒரு நாற்காலி.

இது எதுவும் அவன் மனைவி முசோண்டாவின் காதில் ஏறவில்லை. வேலை கிடைத்துவிட்டதாகவே வைத்துக்கொண்டு, போன ஞாயிறே கோழி அடித்து அக்கம்பக்கத்துக்கு விருந்து வைத்துவிட்டாள். தின்றவர்கள் தினமும் வேலிப் பக்கம் நின்று, "யூனிஃபார்ம் வந்திருச்சா?" என்று கேட்கிறார்கள்.

எதிர் நாற்காலியில் கோடு போட்ட கோட்டுக்காரர் ஒருவர் வாயைப் பிளந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். கையில் மஞ்சள் நாடா.

"தூங்குற பயணி வேஷம் போலிருக்கு. என்னமா பண்றார் பாரு!" என்று வியந்துவிட்டுப் போனார் சித்தாலு.

அப்போதுதான் அந்த அம்மாள் பெட்டியை இழுத்துக்கொண்டு வேர்க்க விறுவிறுக்க வந்தாள்.

"லுசாக்கா, பத்து மணி விமானம். சீக்கிரம் தம்பி! டாக்சிக்காரன் புது ரோடு, புது ஏர்போர்ட்டுன்னு பீத்திக்கிட்டே சுத்திக் கொண்டாந்து விட்டான்."

ஒத்திகையிலும் பத்து மணிக்குத் தலைநகர் லுசாக்காவுக்கு ஒரு விமானம் இருந்தது. ஆனால் அவள் கையில் நாடா இல்லை.

"நாடா எங்க மேடம்?"

"என்ன நாடா?"

"தொலைச்சிட்டீங்களா? பரவாயில்ல, நானே கட்டி விடறேன். இது இல்லாம உள்ள விட மாட்டாங்க."

கட்டியும் விட்டான். பிறகுதான் டிக்கெட்டில் பெயரைப் பார்த்தான். ஜெரே. ங்கோனிப் பெயர்! அவனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

எங்கள் பெம்பா இனத்தாருக்கும் ங்கோனி இனத்தாருக்கும் கேலி முறை. ஒரு காலத்தில் ஈட்டியால் குத்திக்கொண்டவர்கள், இப்போது வாயால் குத்திக்கொள்வதோடு சரி. சாவு வீட்டில்கூட விட்டுவைக்க மாட்டோம். அவர்கள் எங்களுக்கு எலி தின்னிகள், நாங்கள் அவர்களுக்குக் குரங்கு தின்னிகள். என்ன திட்டினாலும் கோபித்துக்கொள்ளக் கூடாது என்பது ஒன்றுதான் சட்டம்.

"ஜெரேயா? பெட்டியில வறுத்த எலி ஏதாவது இருந்தா இப்பவே சொல்லிடுங்க" என்றான் கசோண்டே.

"இருக்கு. ஆனா குரங்கு தின்னிகளுக்குப் பங்கு கிடையாது. பெட்டியைப் போடுடா."

போட்டான். பட்டனை அழுத்தினான். பெல்ட் பெட்டியை விழுங்கியது, ஏப்பம் விட்டதுபோல ஒரு சத்தம் போட்டது, நின்றுவிட்டது.

"பெட்டி எங்க?"

"புது பெல்ட்டு மேடம். அதுக்கே இன்னும் வழி தெரியல."

"வழி தெரியலையா? என் காகிதமெல்லாம் அதுலதான்டா இருக்கு! மரத்துல தொங்க வேண்டியவனையெல்லாம் நாற்காலியில உட்கார வச்சா இப்படித்தான்!"

அப்பாடா, ஆரம்பித்துவிட்டாள்! கசோண்டே நிமிர்ந்து உட்கார்ந்து, பயிற்சியில் சொல்லிக்கொடுத்த புன்னகையை எடுத்து மாட்டிக்கொண்டான்.

"சிரிக்கிறியா? நான் தொழிலாளர் துறை. மத்தியானம் லுசாக்காவுல கூட்டம். நீ உட்கார்ந்திருக்கியே, அந்த நாற்காலியையும் தூக்கிட்டு அங்கேயும் மெஷினை வைக்கப் போறாங்க. வேண்டாம், மனுஷன் இருக்கட்டும்னு பேசப் போறவ நான் ஒருத்திதான்!"

கசோண்டேக்குக் கண் கலங்கியே விட்டது. "அடடா, இதை யாரு மேடம் எழுதிக் குடுத்தது?"

"உன் அதிகாரியைக் கூப்பிடு!"

சித்தாலு ஓடி வந்தார். அவள் அத்தனையையும் மறுபடி கத்தினாள். அவர் கையைக் கட்டிக்கொண்டு ரசித்துக் கேட்டார்.

"இந்தம்மாவை எங்கேர்ந்து புடிச்சாங்க? கழுத்து நரம்பு தெரியுது பாரு! விட்டுறாத, சமாளி" என்று கசோண்டேயின் காதோரம் சொன்னார்.

அவள் போனை எடுத்து ஆட்டிப் பார்த்தாள். புதுக் கட்டடத்தில் சிக்னல் வர இன்னும் ஒரு மாதமாகும்.

"கவலைப்படாதீங்க. உங்களைத்தான் முதல்ல ஏத்தி விடப் போறேன்" என்று கசோண்டே அவளைக் கைத்தாங்கலாக அழைத்துப் போய் பஸ்ஸில் முன் சீட்டில் உட்கார வைத்தான். அவள் முகத்தில் முதல் தடவையாகக் கொஞ்சம் தெளிவு வந்தது.

"குரங்கு தின்னியா இருந்தாலும் நல்லவன்டா நீ" என்றாள்.

பஸ் ஓடுபாதையை நிதானமாக ஒரு சுற்றுச் சுற்றியது. ஒரு விமானத்தையும் காணோம். கடைசியில் கட்டடத்தின் மறுபக்க வாசலில் போய் நின்றது. அங்கே பூங்கொத்தோடு நின்ற பெண் குனிந்து வணங்கி, "லுசாக்காவுக்கு நல்வரவு!" என்றாள்.

திருமதி ஜெரே இறங்கினாள். கூரையைப் பார்த்தாள். தூணைப் பார்த்தாள். எதிர்க் கோடியில் குறட்டை விட்டுக்கொண்டிருந்த கோட்டுக்காரரைப் பார்த்தாள்.

"இதாடா லுசாக்கா?" என்று போட்ட கூச்சலில் அந்தக் கூடமே திரும்பிப் பார்த்தது. பிறகு மொத்தப் பேரும் கை தட்டினார்கள். மயங்கி விழும் வேஷக்காரர் எழுந்து வந்து கை குலுக்கினார். அவள் வாசலை நோக்கி ஓடினாள். காவலாளி மரியாதையாகத் தடுத்து, "ஒத்திகை முடியாம யாரையும் வெளிய விடக் கூடாதும்மா" என்றான்.

"என்ன ஒத்திகை?" என்றாள் அவள்.

அதற்கும் கை தட்டினார்கள்.

ரெண்டு மணிக்கு எல்லாம் முடிந்தது. சித்தாலு நாற்காலி மேல் ஏறி நின்று, "இப்படி ஒரு கோபத்தை நான் பார்த்ததே இல்ல. அதை இப்படிச் சிரிச்சுக்கிட்டே தாங்கின ஆளையும் பார்த்ததில்ல. கசோண்டே, உனக்கு வேலை நிரந்தரம்!" என்று சொல்லி அவன் சட்டையில் பெயர்ப் பட்டையைக் குத்திவிட்டார். கசோண்டே அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். இனி முசோண்டா தைரியமாக வேலிப் பக்கம் போகலாம்.

இத்தனைக்கும் காரணமான மகராசிக்கு நன்றி சொல்ல வேண்டாமா? ஒரு ஃபாண்டா பாட்டிலோடு போனான். அவள் சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"எலி வறுவல் கிடைக்கல. இதைக் குடிங்க."

அவள் அவனைப் பார்த்தாள். பிறகு அவன் நாற்காலியைப் பார்த்தாள். திட்டுக்குத் திட்டு வைக்காத ங்கோனியைக் கசோண்டே பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை.

பின்னால் யாரோ கொட்டாவி விடும் சத்தம் கேட்டது. கோடு போட்ட கோட்டுக்காரர் கடைவாயைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தார்.

"மன்னிச்சுக்கங்க தம்பி, காலையில தின்ன பன்னு, கண்ணசந்துட்டேன். அந்தக் கோபக்காரப் பயணி நான்தான். எப்ப கத்த ஆரம்பிக்கணும்?"