நான் வாயை மூடிக்கொண்ட நாள்

எனக்கு ஒரு வியாதி உண்டு. நாலு பேர் இருக்கிற அறையில் நாலு விநாடி யாரும் பேசவில்லை என்றால் ஐந்தாவது விநாடி நான் பேசிவிடுவேன். என்ன பேசுகிறேன் என்பது எனக்கே தெரியாது. துக்க வீட்டில்கூட அப்படித்தான். (என் மனைவி ஷீலா என்னைத் துக்க வீட்டுக்குக் கூட்டிப்போவதை நிறுத்திப் பல வருஷம் ஆகிறது.)

பழியை என் வேலை மேல் போடலாம். பெங்களூரில் ஒரு வாடிக்கையாளர் சேவை மையத்தில், புதிதாகச் சேருகிறவர்களுக்குப் போனில் பேசக் கற்றுக்கொடுப்பது என் உத்தியோகம். எங்கள் தொழிலில் மகா பாவம் ஒன்று உண்டு. அழைப்பில் இருக்கும்போது சில விநாடி இரண்டு பக்கமும் சத்தம் இல்லாமல் போனால் அதற்கு 'டெட் ஏர்' என்று பேர். டெட் ஏர் விழுந்தால் மார்க் போச்சு. எதையாவது சொல்லி அந்த ஓட்டையை அடை என்று ஆயிரம் பிள்ளைகளுக்காவது பாடம் எடுத்திருப்பேன்.

அப்படிப்பட்ட எனக்குக் கடவுள் கொடுத்த மகன் ஜோயல். அவனுக்கு மூளை முடக்குவாதம். எல்லாம் புரியும், ஜோக் சொன்னால் நமக்கு முன்னால் சிரிப்பான், ஆனால் வாயில் வார்த்தை வராது, கைகால் அவன் சொல்கிற வேகத்தில் கேட்காது. சக்கர நாற்காலியில் இருப்பான். பேசுவதற்கு ஒரு டேப்லெட், பலகை என்போம். அதில் கட்டம் கட்டமாகப் படங்கள் இருக்கும், ஒரு கட்டத்தைத் தொட்டால் அதற்கென்று பதிவு செய்த குரல் வரும். குரல், அவனைவிட மூன்று வயது மூத்தவளான அக்கா ரூத்துடையது. தண்ணி என்று தொட்டால் ரூத் 'தண்ணி' என்பாள்.

நான் சொல்லப்போவது ஜோயலுக்கு ஆறு வயது நடந்தபோது. அதற்குள் மூன்று பள்ளிக்கூடம் ஏறி இறங்கியிருந்தோம். ஒரு இடத்தில் சாய்தளம் இல்லை என்றார்கள். இன்னொரு இடத்தில் மற்ற பெற்றோர் என்ன சொல்வார்களோ என்று இழுத்தார்கள். மூன்றாவது இடத்தில் போன் பண்ணுகிறோம் என்றார்கள், இன்று வரை பண்ணவில்லை. மிச்சம் இருந்தது ரூத் படிக்கிற பள்ளி. லிங்கராஜபுரத்தில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டே தெரு. தினமும் காலையில் ரூத் ஷூ மாட்டும்போது ஜோயலும் தன் காலை நீட்டுவான். அவள் கிளம்பிப் போனதும் கதவையே பார்த்துக்கொண்டிருப்பான். அதைப் பார்க்க முடியாமல் நான் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொள்வேன். அந்த ஒரு பள்ளியில் அவனுக்கு இடம் கிடைத்துவிட வேண்டும். எனக்கு உலகத்தில் அப்போது வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

ஒருவழியாகத் தலைமையாசிரியை வரச் சொல்லி அனுப்பினார். பையனோடு பேசிப் பார்க்க வேண்டுமாம். இன்டர்வியூ என்ற சொல் காதில் விழுந்ததும் எனக்குள் இருந்த பயிற்சியாளன் எழுந்து டை கட்டிக்கொண்டான்.

ஜோயலுக்குப் பேச்சுப் பயிற்சி தரும் மேடம் தெளிவாகத்தான் சொல்லியிருந்தார். பலகையில் அவனுடைய வார்த்தைகள் இருக்கட்டும், உங்கள் வார்த்தைகளை அவன் வாயில் திணிக்காதீர்கள், கேள்வி கேட்டால் அவன் கை போய்ச் சேர நேரம் கொடுங்கள் என்றார். அவர் முடிப்பதற்குள் நான் 'கண்டிப்பா மேடம், கண்டிப்பா' என்று மூன்று தடவை சொல்லிவிட்டேன்.

பிறகு வீட்டுக்கு வந்து 'இன்டர்வியூ பக்கம்' என்று டேப்லெட்டில் தனியாக ஒரு பக்கம் தயாரித்தேன். பன்னிரண்டு கட்டம். 'குட் மார்னிங் மேடம், உங்களைச் சந்தித்ததில் எனக்கு மிக்க மகிழ்ச்சி' என்பது ஒன்று. 'எனக்குக் கணக்கு மிகவும் பிடிக்கும்' என்பது இன்னொன்று. (கணக்குப் புத்தகத்தை அவன் பார்த்ததே கிடையாது.) ரூத் குரல் விளையாட்டாக இருக்கும் என்று நானே பேசிப் பதிவு செய்தேன். தெருவில் ஹாரன் சத்தம் ஓயாததால் துணி அலமாரிக்குள் தலையை விட்டுக்கொண்டு, என் அலுவலகத்துக் கனத்த குரலில் பேசினேன். போதாதென்று ஒரு ப்ளூடூத் ஸ்பீக்கர் வாங்கி நாற்காலிக்குப் பின்னால் கட்டினேன். தலைமையாசிரியைக்குக் காது கேட்காமல் போய்விட்டால்?

ஷீலா பார்த்துவிட்டுச் சொன்னாள்: "ஆறு வயசுப் பிள்ளைகிட்ட இருந்து கஸ்டமர் கேர் ஆளு குரல் வருதுங்க. அந்தம்மா பயந்துடப் போறாங்க."

ஷீலாவுக்கு இதெல்லாம் புரியாது என்று நினைத்துக்கொண்டேன். இன்டர்வியூ அன்று அவளுக்கு வேலை பார்க்கிற கிளினிக்கில் லீவு கிடைக்கவில்லை. நான் மட்டும் போனேன், மார்பை நிமிர்த்திக்கொண்டு. கையில் 'ஜோயல்: ஓர் அறிமுகம்' என்று நானே தட்டச்சு செய்த நான்கு பக்கக் குறிப்பு.

வராந்தாவில் பத்துப் பதினைந்து பெற்றோர் முறைக்காகக் காத்திருந்தார்கள். ரூத்தின் வகுப்பு அதே வராந்தாக் கடைசியில். எங்களை முதலில் கூப்பிட்டார்கள்.

தலைமையாசிரியை கன்னடக்காரர், ஆனால் இந்த ஏரியாவிலேயே வேலை பார்த்துப் பார்த்துத் தமிழ் சரளம். மேசைக்கு அந்தப் பக்கமிருந்து எழுந்து வந்து ஜோயல் உயரத்துக்குக் குனிந்து வணக்கம் சொன்னார். ஜோயல் நான் பழக்கியபடியே முதல் கட்டத்தைத் தொட்டான். அவன் முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு நாற்பது வயது ஆசாமி 'குட் மார்னிங் மேடம்' என்று முழங்கினார். மேடம் என்னைப் பார்த்தார். என் வாய் மூடியிருந்தது. நாற்காலிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

பேர் என்ன என்று கேட்டார். ஜோயலின் கை புறப்பட்டது. அது போய்ச் சேர வேண்டுமே! ஒரு விநாடி, இரண்டு விநாடி, என் நெஞ்சில் டெட் ஏர் மணி அடிக்க ஆரம்பித்துவிட்டது. "ஜோயல் மேடம்" என்றேன். என்ன பிடிக்கும் என்றார். கணக்கு என்றேன். அக்காவோடு சண்டை போடுவாயா என்றார். சேச்சே, இரண்டு பேரும் உயிர் மேடம் என்றேன். ஜோயல் கழுத்தைத் திருப்பி என்னை ஒரு பார்வை பார்த்தான். அந்தப் பார்வையை நான் அன்றைக்கு ஆர்வம் என்று எடுத்துக்கொண்டேன்.

"சார், ஸ்வல்ப, கொஞ்சம் இருங்க" என்றார் மேடம். "நான் அவனைத்தானே கேக்கிறேன்."

நிச்சயமாக மேடம் என்று சொல்லிவிட்டு, நான் ஏன் இனிமேல் பேசாமல் இருக்கப்போகிறேன் என்பதை இரண்டு நிமிடம் விளக்கினேன்.

அந்த இரண்டு நிமிடத்தில் ஜோயலின் விரல் திரையின் மேல் மூலைக்குப் போயிருந்தது. ஐயோ, பையன் வழி தவறிவிட்டான் என்று நான் கையை நீட்ட, முழங்கையால் தள்ளிவிட்டான். திரையில் நான் பார்த்தே இராத ஒரு பக்கம் திறந்தது. அதில் ஒரு கட்டத்தில் என் போட்டோ. ஏதோ பிறந்தநாள் விருந்தில் பிரியாணிக் கவளத்துக்காக வாயைப் பிளந்தபோது எடுத்தது, உள்நாக்கு வரை தெரிந்தது. ஜோயல் அதன்மேல் விரலை ஊன்றினான்.

ரூத்தின் குரல் அறையே அதிர வந்தது: "அப்பா, நீ வாய மூடு. நான் பேசணும்."

வராந்தாவில் சலசலப்பு அடங்கியது. ஜோயல் மறுபடி ஊன்றினான். ஸ்பீக்கரை அணைக்க நான் பின்னால் பாய்ந்தேன். பதற்றத்தில் தடவி அழுத்தியது சத்தத்தைக் கூட்டுகிற பொத்தான். மூன்றாவது தடவை வந்த 'வாய மூடு' மாடி வரைக்கும் கேட்டிருக்கும். வெளியே காத்திருந்தவர்கள் சிரிக்க ஆரம்பித்தார்கள். நான் திரும்பிய வேகத்தில் என் முழங்கை மேசைமேல் இருந்த தண்ணீர் ஜக்கில் பட்டு, 'ஜோயல்: ஓர் அறிமுகம்' நான்கு பக்கமும் கண் முன்னால் குளித்து முடித்தது. மேசைமேல் இருந்த விண்ணப்பத்திலும் மேடத்தின் புடவையிலும் மிச்சம்.

அப்போது கதவருகே ரூத்தின் வகுப்பாசிரியை மூச்சு வாங்க வந்து நின்றார். கையில் ரூத்தைப் பிடித்திருந்தார். "மேடம், இவ என் கண்ணெதிர்லதான் டிக்டேஷன் எழுதிட்டிருக்கா. ஆனா இவ குரல் இங்கிருந்து வருது" என்றார். பாவம், அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

ரூத் நடந்ததைப் பார்த்தாள். உடனே உண்மையைச் சொல்லிவிட்டாள். டேப்லெட்டில் அந்தப் பக்கம் அவளும் தம்பியும் சேர்ந்து செய்தது. வீட்டில் யார் ஜோயலைக் கேள்வி கேட்டாலும் அப்பாவே பதில் சொல்லிவிடுகிறாராம். தம்பிக்குக் கோபம் கோபமாக வருகிறதாம். உனக்கு என்ன கட்டம் வேண்டும் என்று அவள் ஒவ்வொன்றாகக் கேட்க, அவன் தலையாட்டித் தேர்ந்தெடுத்தானாம். போட்டோவும் அவன் தேர்வுதான்.

எனக்குச் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. இருந்த ஒரே பள்ளியையும் என் வாயாலேயே கெடுத்துவிட்டேன் என்பது மட்டும் நிச்சயமாகத் தெரிந்தது. மேடம் புடவையைப் பிழிந்துவிட்டு, ரூத்தையும் அவள் டீச்சரையும் அனுப்பிவிட்டு, மூலையைக் காட்டினார். அங்கே எல்கேஜி பிள்ளைகள் உட்காருகிற சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று இருந்தது. போய் உட்கார்ந்தேன். முழங்கால் இரண்டும் தாடைக்கு வந்துவிட்டன.

மேடம் ஜோயலுக்கு எதிரில் முட்டி போட்டு உட்கார்ந்தார். "இந்த ஸ்கூலுக்கு வர்றியா, கண்ணா?"

ஜோயல் யோசித்தான். பிறகு அவன் கை புறப்பட்டது. முதலில் தோள் இறுகியது. கை எழுந்தது, கட்டத்தைத் தாண்டிப் போனது, திரும்பி வந்தது, மறுபடி நழுவியது. நெற்றியில் வியர்வை அரும்பியது. நான் உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆறு வருஷத்தில் ஒரு வார்த்தைக்காக அவன் படுகிற பாட்டை முழுதாக நான் பார்த்தது அன்றுதான். ஒவ்வொரு முறையும் பாதி வழியிலேயே நான் பதிலைச் சொல்லி அந்தக் கையைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். வெட்கமாக இருந்தது. நிஜமாகவே வெட்கமாக இருந்தது.

"ஸ்கூல்" என்றது பலகை. மறுபடி நீண்ட அமைதி. "வேணும்."

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, நன்றி சொல்ல வாயைத் திறந்தேன். மேடம் என் பக்கம் திரும்பாமலே ஒரு விரலைத் தூக்கினார். ஜோயலின் கை இன்னும் நிற்கவில்லை.

"அப்பா" என்றான். கை நகர்ந்தது. "வேணாம்."

பிளாஸ்டிக் நாற்காலி என்னோடு சேர்த்துத் தரைக்குள் போய்விடக் கூடாதா என்று இருந்தது. மேடம் சிரிக்கவில்லை. எப்பவுமே வேண்டாமா என்று அவனையே கேட்டார். கை மறுபடியும் கிளம்பியது. அந்த முறை நான் விநாடிகளை எண்ணவில்லை, அவன் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அப்பா. சாயங்காலம்."

மேடம் எழுந்து, நனைந்துபோன விண்ணப்பத்தை விசிறிக்கு அடியில் வைத்துக் காயவைத்துக் கையெழுத்துப் போட்டார். "இவனுக்கு என்ன வேணும்னு இவனுக்குத் தெரியுது. திங்கக்கிழமை அனுப்புங்க. நீங்க கேட் வரைக்கும் போதும், சார்."

இப்போது ஜோயல் நாலாவது படிக்கிறான். பலகையில் குரல் மாறிவிட்டது, அவன் வகுப்புத் தோழன் ஒருவன் பேசிக் கொடுத்திருக்கிறான். பெற்றோர் கூட்டத்துக்கு ஷீலா உள்ளே போவாள், நான் கேட்டில் வாட்ச்மேனோடு நிற்பேன். எங்கள் இரண்டு குடும்பத்திலும் எனக்குப் பேர் 'சாயங்கால அப்பா'. கல்யாண வீட்டில் நான் மைக் பக்கம் நகர்ந்தால் போதும், மச்சான் ஒருவன் "மாமா, சாயங்காலம் ஆகட்டும்" என்பான், பந்தி முழுக்கச் சிரிக்கும்.

இதை எழுதலாமா என்று போன வாரம் ஜோயலிடமே கேட்டேன். கேட்டுவிட்டுக் காத்திருந்தேன். கை மெதுவாகப் புறப்பட்டுப் போய்ச் சேர்ந்தது. "எழுது" என்றான். சந்தோஷமாக எழப் போனவன், கை இன்னும் நகர்வதைப் பார்த்து மறுபடி உட்கார்ந்தேன்.

"படிச்சுக் காட்டாத."