அட்டாலியில் ஓர் ஆராய்ச்சி

காதர்பேட்டையில் பனியன் மொத்த வியாபாரம் செய்யும் வேல்குமார் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் திடீரென்று விஞ்ஞானி ஆனார். காரணம், வீட்டு அட்டாலி. பழைய சாம்பிள் பனியன் மூட்டைகள் அடைந்து கிடந்த அந்தப் பரணை இன்றைக்குச் சுத்தம் செய்தே தீருவதென்று மனைவி ஜெயபாரதி சீமாற்றோடு வந்து நின்றாள்.

"ஏனுங்க மாமா, அந்த ஏணிய எடுத்துட்டு வாங்க."

"ஆகாது பாரதி. இனி ஞாயித்துக்கெழமையெல்லாம் எனக்குப் படிப்பு. பூச்சியியல்!"

"பூச்சியமுங்களா? அதுதான் பள்ளிக்கூடத்துலயே நெறைய வாங்கிட்டீங்களே."

"பூச்சி, புள்ள! ஆறு காலு இருக்குமே, அது! இங்க பாரு."

கைப்பேசியை நீட்டினார். மனிதர் நிஜமாகவே தேடிப் பிடித்திருந்தார். கால் எத்தனை, றெக்கை எப்படி என்று கேட்டுக் கேட்டுப் பூச்சியின் பெயரைச் சொல்லும் தளம் ஒன்று. எந்தச் சில்வண்டு எப்படிக் கத்தும் என்று கத்திக் காட்டும் தளம் ஒன்று. இலவசப் பாடங்கள் ஒரு குவியல். படம் போட்டால் விவரம் தெரிந்தவர்கள் வந்து விளக்கும் தமிழ்க் குழு ஒன்று.

ஜெயபாரதி பொறுமையாகப் பார்த்தாள். "நெம்ப நல்லதுங்க. எனக்கும் அதையெல்லாம் அனுப்பி வையுங்க."

அவர் அனுப்பி வைத்தார். சீமாறு மூலைக்குப் போனது. வேல்குமாருக்குத் தலைகால் புரியவில்லை. கல்யாணமான நாளிலிருந்து இதுதான் முதல் வெற்றி! அதைக் கொண்டாட, ஜன்னலில் உட்கார்ந்திருந்த கொசுவைப் படம் பிடித்துக் குழுவில் போட்டார்.

கவிப்பிரியா என்ற பெயரில் பதில் வந்தது. 'அபாரமான படம், சார்! உங்களைப் போன்ற ஆர்வலர் கொசுவோடு நின்றுவிடலாமா? பழைய துணி மூட்டைகளை இறக்கி உதறிப் பாருங்கள். ராமபாணப் பூச்சி கிடைக்கும்.'

அபாரமாம்! சாராம்! வேல்குமார் தானே ஓடிப்போய் ஏணியைத் தூக்கி வந்தார். மூட்டைகள் இறங்கின. தும்மித் தும்மி ஊரையே எழுப்பினார். மீசை தூசியில் வெளுத்துப் பத்து வயது கூடிப்போனது. கடைசியில் வெள்ளியாய் மினுங்கும் பூச்சி ஒன்று அகப்பட்டது.

'சாதித்துவிட்டீர்கள், சார்! முட்டைகளும் இருக்கும். பரணை ஈரத்துணியால் அழுத்தித் துடையுங்கள்.'

துடைத்தார்.

'அடுத்தது அரிசி வண்டு. அரிசியை மொட்டைமாடி வெயிலில் கொட்டி, சலித்து, புடைத்து...'

புடைத்தார்.

"பாவமுங்க நீங்க, நானும் ஒத்தாசை பண்றனுங்களே?" என்றாள் ஜெயபாரதி.

"வேண்டாம்! இது அறிவியல். உனக்கு ஒண்ணும் வெளங்காது."

"செரிங்க." அவள் கீழே போய் சோபாவில் காலை நீட்டிக்கொண்டு கைப்பேசியைப் பார்க்கத் தொடங்கினாள்.

பொழுது இறங்கியதும் வேல்குமார் இடுப்பைப் பிடித்துக்கொண்டு கூடத்தில் சாய்ந்தார். உடம்பெல்லாம் வலி, நெஞ்செல்லாம் பெருமை. தனிச்செய்தி ஒன்று தட்டினார்: 'மேடம், உங்களைப் போல விவரமான ஒருத்தர் என் வீட்டில் இருந்திருந்தால் நான் எங்கேயோ போயிருப்பேன்.'

சமையலறைக்குள் 'டிங்' என்றது.

வேல்குமார் நிமிர்ந்தார். 'மேடம்?' என்று அனுப்பினார்.

'டிங்.'

வெறும் புள்ளி ஒன்றை வைத்து அனுப்பினார்.

'டிங்.'

ஒரு கையில் காப்பியும் மறு கையில் கைப்பேசியுமாக ஜெயபாரதி வந்தாள்.

"எங்கயும் போகாதீங்க மாமா. நீங்க அனுப்புன பாடத்தைப் பூராப் படிச்சுப் போட்டனுங்க. அடுத்த ஞாயித்துக்கெழமை மூட்டப்பூச்சி, கட்டிலைக் கழட்டோணும்."