மேடையில் இடம் இல்லை

பதினேழாவது பொம்மையை எங்கே நிறுத்தினாலும் பதினாறாவது பொம்மை கீழே விழுந்தது.

பொம்மைக்காரன் மூச்சைப் பிடித்துக்கொண்டு இன்னொரு முறை முயன்றான். இந்த முறை மூன்று பேர் விழுந்தார்கள். அதில் ஒருவர் முன்னாள் மேயர்.

அவனுடைய உண்மையான தொழில் கட்டட நிறுவனங்களுக்கு மாதிரி செய்வது. இன்னும் கட்டாத அடுக்குமாடி, அதன் முன்னே இன்னும் நடாத மரம், மரத்தடியில் இன்னும் யாரும் வாங்காத கார். எல்லாம் அளவு பிசகாமல் இருக்கும். அந்தக் கைவேலையைப் பார்த்துத்தான் தலைவர் நினைவகத்தின் இயக்குநர் அவனைக் கூப்பிட்டு, தலைவர் கொல்லப்பட்ட மேடையை ஒரு மேசைமேல் அப்படியே செய்து தரச் சொல்லியிருந்தார்.

அரசின் விசாரணை அறிக்கையில் எல்லாம் இருந்தது. மேடையின் நீளம், அகலம், பலகையின் கனம், பின்னால் ஓடிய ஆறு. பன்னிரண்டு வருடங்களுக்கு முன்னால், பாலம் திறப்பு விழாவில், தலைவர் சுடப்பட்டு நாற்காலியோடு ஆற்றில் விழுந்தார். நாற்காலி கிடைத்தது. தலைவர் கிடைக்கவில்லை. நாற்காலி இப்போது நினைவகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது.

சாட்சிகள் பதினேழு பேர். "நான் தலைவரை ஒட்டினாப்போல பக்கத்தில்தான் நின்றேன்" என்று பதினேழு பேரும் சத்தியம் செய்திருந்தார்கள். ஒரு மனிதருக்கு மொத்தம் எத்தனை பக்கம் என்று விசாரணையில் யாரும் கேட்கவில்லை. அது இப்போது பொம்மைக்காரனின் தலையில் விடிந்திருந்தது.

இன்னொரு சிக்கலும் இருந்தது. தலைவரைச் சுட்டதாகத் தண்டனை பெற்றுச் சிறையில் இருக்கும் தச்சர், பொம்மைக்காரனின் மாமனார். இதை அவன் இயக்குநரிடம் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. வேலைக்கு எடுக்கும்போது வழக்கமாகக் கேட்கிற கேள்வி அல்ல அது.

பொம்மைகளுக்கு வண்ணம் தீட்டுகிற வேலை அவன் மனைவியுடையது. மேடைக்கு அடியில் குனிந்திருந்த தச்சர் பொம்மையைப் பார்த்ததும் அவள் தூரிகையைக் கீழே வைத்தாள்.

"எங்கப்பா கையில என்னது அது?"

"துப்பாக்கி. அறிக்கையில அப்படித்தான் போட்டிருக்கு."

"அவர் வச்சிருந்தது சுத்தியல். மேடை கிறீச் கிறீச்னுதுன்னு ஆணி அடிக்கக் கீழ நுழைஞ்சாரு. பலகை படார்னு உடைஞ்சுது. இதைத்தானே வருஷக்கணக்கா சொல்லிட்டிருக்காரு."

"எனக்குத் தெரியாதா? கல்யாணம் பேச நான் ஜெயிலுக்குப் போனப்போ முதல்ல பலகையைப் பத்தித்தான் சொன்னாரு. அப்புறம்தான் என் பேரையே கேட்டாரு."

"வெள்ளிக்கிழமை இதைத் திறந்துவைக்க வர்ற நீதிபதி யாரு தெரியுமில்ல? அப்பாவோட விடுதலை மனு அவர் மேசையிலதான் கிடக்கு. அவர் கண்ணுல இந்தத் துப்பாக்கி பட்டுதுன்னா அவ்வளவுதான். மாமனாரை மருமகனே மாட்டிவிட்டான்னு ஊரே பேசும்."

அவன் பதில் சொல்லுமுன் இயக்குநர் வந்துவிட்டார். பின்னாலேயே கிழக் காவலாளி துடைப்பத்தோடு வந்தார்.

"ஐயா, ஒரு விஷயம்..." என்று காவலாளி ஆரம்பித்தார்.

"சம்பளம்தானே? பார்க்கலாம், பார்க்கலாம்" என்றார் இயக்குநர். காவலாளி வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஒரு விஷயம் சொல்ல முயன்றுகொண்டிருந்தார். இயக்குநரும் அன்றிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், மேடையில இடம் பத்தல" என்றான் பொம்மைக்காரன்.

"மேடையைப் பெருசாக்கு."

"அளவு அறிக்கையில இருக்கே."

"அப்போ அறிக்கைதான் சரி. ஆளுங்களைச் சின்னதாக்கு."

அவன் சின்னதாக்கினான். வங்கி மேலாளரின் வயிற்றைச் சுரண்டினான். பேராசிரியரின் தோள்களைச் சீவினான். மேயரை ஒருக்களித்து நிற்க வைத்தான். பதினேழு பேரும் மேடையில் அடங்கினார்கள். அன்று மாலையே யாரோ படமெடுத்து அனுப்ப, மறுநாள் காலை பதினேழு பேரும் நினைவகத்துக்கு நேரில் வந்து நின்றார்கள்.

"இது யாரு? காய்ச்சல்ல கிடந்து எழுந்தவன் மாதிரி?" என்றார் வங்கி மேலாளர்.

"நீங்கதான் சார்."

"நானா! தலைவர் கடைசியா சாய்ஞ்சது இந்த மார்புல. இந்த நரம்பன் மேல சாய்ஞ்சா ரெண்டு பேருமில்ல ஆத்துக்குப் போயிருப்போம்?"

"உங்க மார்புலயா?" என்று மேயர் பாய்ந்தார். "என் மடியிலதானே தலை வச்சாரு!"

"அவர் ஆத்துல விழுந்துட்டாரே சார்" என்றான் பொம்மைக்காரன்.

"வச்சிட்டு விழுந்தாரு" என்றார் மேயர்.

களிமண் பொம்மை தங்கள் கௌரவத்துக்குக் குறைவு என்று ஏகமனதாகத் தீர்மானம் ஆனது. அந்தப் பதினேழு பேரும் ஏகமனதாக முடிவெடுப்பதில் கைதேர்ந்தவர்கள். எல்லோரையும் ஈயத்தில், நல்ல கனமாக, உள்ளது உள்ளபடியான உடம்போடு வார்க்கச் சொல்லி இயக்குநர் உத்தரவிட்டார்.

வார்த்தான். இரண்டு கைகளாலும் தூக்க வேண்டியிருந்தது. இப்போது தலைவரைச் சுற்றி மதில் கட்டியதுபோல் சாட்சிகள் நெருங்கி நின்றார்கள். வழுக்கை உச்சி மட்டும் லேசாகத் தெரிந்தது.

வேலையைச் சோதிக்க வந்த பேராசிரியரிடம் பொம்மைக்காரன் மெதுவாகக் கேட்டான். "ஐயா, இப்படிச் சுத்தி நின்னிருந்தா, கீழயிருந்து சுட்ட குண்டு எப்படி உள்ள போச்சு?"

"வந்துச்சு. நான் கொஞ்சம் நகர்ந்தேன்."

"அப்போ குண்டு வர்றதைப் பார்த்தீங்களா?"

"பார்க்காமயா நகருவேன்?" என்றார் பேராசிரியர். "தலைவருக்கு வர்றதை நான் மறிக்கிறது மரியாதையா?"

மனைவி வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள். அவள் சிரித்து ரொம்ப நாளாயிற்று என்பது பொம்மைக்காரனுக்கு அப்போதுதான் உறைத்தது.

பெருக்கிக்கொண்டிருந்த காவலாளியும் சிரித்தார். பிறகு சுவரில் தொங்கிய தலைவர் படத்தை நிமிர்ந்து பார்த்து, "யாரு இந்தப் பையன்?" என்றார். கேள்வி நியாயமானதுதான். ஒவ்வொரு நினைவு நாளுக்கும் படத்தில் தாடியை ஒதுக்கி, கன்னத்தை நிரப்பி, சுருக்கத்தை அழித்து அழித்து, இப்போது தலைவருக்கு இயக்குநரைவிட வயது குறைவாக இருந்தது.

வியாழக்கிழமை மாலை கடைசிச் சிக்கல் வந்தது. சாட்சிகள் அனைவரும் தங்கள் பொம்மையைத் தங்கள் கையாலேயே நகர்த்தி நடுவுக்குக் கொண்டுவந்தார்கள். அவர்கள் போன பிறகு பார்த்தால் நடுவே நாற்காலி இருந்தது. நின்று பேசும் கோலத்தில் செய்திருந்த தலைவருக்குக் கால் வைக்க இடம் இல்லை.

"யாரையாவது இறக்கட்டுமா சார்?"

"யாரை இறக்குவே?" என்று இயக்குநர் கேட்டார். "ஒருத்தர் மேயரா இருந்தவர். ஒருத்தர் வங்கி. ஒருத்தர் நாளைக்கே மந்திரி ஆகலாம். யாருமே கோபப்படாத ஆள் யாரு?"

இருவரும் யோசித்தார்கள். பிறகு தலைவரை எடுத்து மேடைக்குப் பின்னால், படிக்கட்டுக்குப் பக்கத்தில் இருந்த மரத்தடியில் வைத்தார்கள்.

"நாளைக்கு விழா முடியற வரைக்கும்தான்" என்றார் இயக்குநர். "யாரும் கவனிக்க மாட்டாங்க. எல்லாரும் தங்களைத்தான் தேடுவாங்க."

"துப்பாக்கியை மட்டும் மாத்திடவா சார்? சுத்தியல் ஒண்ணு செஞ்சு வச்சிருக்கேன்."

"சுத்தியலா? தொலைச்சுடுவேன்."

வெள்ளிக்கிழமை காலை பொம்மைக்காரன் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தான். மனைவி மேசைக்குப் பக்கத்தில் நின்றாள்.

"நீதிபதி வந்ததும் நானே பேசப் போறேன்."

"என்னன்னு?"

"பலகைன்னு."

"துரத்திடுவாங்கடி."

"துரத்தட்டும். அப்பா பன்னிரண்டு வருஷமா சுவத்துகிட்ட சொல்லிட்டிருக்காரு. நான் ஒரு தடவை ஆள்கிட்ட சொல்லிப் பார்க்கறேன்."

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. கிறீச்.

இருவரும் மாதிரி மேடையைப் பார்த்தார்கள். பதினேழு ஈய மனிதர்களும் கம்பீரமாக நின்றார்கள். அறிக்கையில் உள்ளபடியே அளவெடுத்துச் செய்த மெல்லிய பலகை அவர்களுக்குக் கீழே வளைந்திருந்தது. கிறீச், கிறீச்.

வாசலில் கார்க் கதவுகள் சாத்தும் ஓசை. நீதிபதி வந்துவிட்டார். பொம்மைக்காரன் வேறொன்றும் யோசிக்காமல் சின்னச் சுத்தியலை எடுத்துக்கொண்டு மேசைக்குக் கீழே நுழைந்தான்.

"இதுதான் ஐயா அந்த மேடை" என்று இயக்குநர் தலைக்கு மேலே சொல்வது கேட்டது. "துளிகூட மாறாம, அறிக்கைப்படி..."

பதினேழு சாட்சிகளும் தங்கள் பொம்மையை நெருங்கிப் பார்க்க மேசைமேல் சாய்ந்தார்கள்.

படார்!

ஈய மேயர் தரையில் உருண்டார். குட்டி நாற்காலி காற்றில் ஒரு குட்டிக்கரணம் போட்டு, நீலம் தீட்டிய ஆற்றுக்குள் போய் விழுந்தது.

"சுட்டுட்டான்!" என்று அலறினார் மேயர்.

பதினேழு சாட்சிகளும், கூடவே இயக்குநரும், தரையில் குப்புற விழுந்தார்கள். நின்றுகொண்டிருந்தவர்கள் நீதிபதி, பொம்மைக்காரனின் மனைவி, துடைப்பத்தோடு காவலாளி, மூன்று பேர்தான்.

"மூணு தடவை சுட்டான்!" என்றார் பேராசிரியர், தரையை முத்தமிட்டபடி.

"நான் பார்த்தேன், கறுப்புத் துப்பாக்கி!" என்றார் வங்கி மேலாளர். அவர் கண்களை இறுக மூடியிருந்தார்.

"அதோ, மேசைக்குக் கீழ! கையில வச்சிருக்கான்!"

நீதிபதி அவசரப்படாமல் குனிந்தார். மேசைக்குக் கீழே பொம்மைக்காரன் உட்கார்ந்தபடியே வணக்கம் வைத்தான்.

"கையில என்னப்பா?"

"சுத்தியல் ஐயா."

"இங்க என்ன பண்றே?"

"மேடை கிறீச் கிறீச்னுது. ஆணி அடிக்கலாம்னு..." இதே வாக்கியத்தைச் சிறையின் கம்பிகளுக்கு அந்தப் பக்கத்திலிருந்து எத்தனையோ தடவை கேட்டிருந்தான்.

நீதிபதி நிமிர்ந்து, இரண்டாகப் பிளந்த பலகையை எடுத்துப் பார்த்தார். பிறகு தரையில் கிடந்தவர்களைப் பார்த்தார். "எல்லாரும் அன்னிக்கும் இப்படித்தான் பார்த்தீங்களா?"

"இன்னும் தெளிவா பார்த்தோம் ஐயா" என்றார் மேயர், முகத்தைத் தூக்காமலேயே.

மனைவி ஓரடி முன்னால் வந்தாள். இரவெல்லாம் மனப்பாடம் செய்த பேச்சு முழுவதும் மறந்துபோயிருந்தது. "ஐயா, எங்கப்பாதான் அந்தத் தச்சர். பலகைதான் உடைஞ்சுதுன்னு..." என்று மட்டும் சொன்னாள்.

நீதிபதி மறுபடி பலகையைப் பார்த்தார். மேசைக்குக் கீழே இருந்த சுத்தியலைப் பார்த்தார். "நாளைக்குக் காலையில என் அறைக்கு வாம்மா. இந்தப் பலகையையும் எடுத்துட்டு வா" என்றார். "மனுவைத் தூசி தட்டி வைக்கிறேன்."

அவள் அழுதுகொண்டே சிரித்தாள். மேசைக்குக் கீழிருந்து வெளியே வரும்போது பொம்மைக்காரன் தலையை இடித்துக்கொண்டான். வலிக்கவில்லை.

"ஆனா ஒண்ணு புரியல" என்றார் நீதிபதி. "அன்னிக்கும் உடைஞ்சது பலகைதான்னா, ஆத்துல விழுந்தது நாற்காலிதான்னா, தலைவர் எங்க போனாரு?"

சாட்சிகள் முதல்முறையாக எதையும் பார்த்திருக்கவில்லை.

பொம்மைக்காரனுக்கு ஞாபகம் வந்தது. தலைவர் பொம்மை இன்னும் மேடைக்குப் பின்னால், மரத்தடியில் நின்றுகொண்டிருந்தது. அதைத் தூக்கி உரிய இடத்தில் வைக்கக் கை நீட்டினான்.

"ஐயா, ஒரு விஷயம்..." என்றார் காவலாளி.

இயக்குநர் இன்னும் தரையில் குப்புறக் கிடந்ததால், சம்பளம்தானே என்று கேட்க இந்த முறை ஆள் இல்லை.

காவலாளி துடைப்பத்தைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, பொம்மைக்காரனின் கையை மெல்லப் பிடித்து நிறுத்தினார்.

"அது அங்கயே இருக்கட்டும் தம்பி, அன்னிக்கு மேடையில இவனுங்க எனக்கு எங்க இடம் விட்டானுங்க, அந்த மரத்தடியிலயே நின்னு பார்த்துட்டு வீட்டுக்குப் போனேன், மறுநாள் வந்து உயிரோட இருக்கேன்னு சொன்னா, பதினேழு சாட்சி இல்லைங்குது, நீ ஒருத்தன் சொல்றியேன்னு துரத்திட்டாங்க!"