மூன்று முறை கூப்பிட்ட பெயர்

வாயைத் திறக்காமலே பொய் சொல்ல முடியும் என்பதை நான் சித்தூர் கோர்ட்டு வாசலில்தான் தெரிந்துகொண்டேன். தலையை மேலும் கீழும் ஒருதரம் ஆட்டினால் போதும். அந்த ஒரே ஆட்டலில் நான் பெற்ற பிள்ளையைக் கிணற்று மோட்டார் திருடனாக்கி, ஆறு மாதம் ஜெயிலிலும் போட்டுவிட்டேன்.

எனக்குக் கூச்சம் அதிகம். பஸ்ஸில் இறங்கவேண்டிய இடம் வந்தால் 'நிறுத்துங்க' என்று சொல்லக் கூச்சப்பட்டு, அடுத்த ஊரில் வேறு யாராவது இறங்கும்போது கூடவே இறங்கித் திரும்பி நடப்பேன். (கங்காதர நெல்லூரைச் சுற்றி நான் நடக்காத ரோடு இல்லை.) படிப்பு ஐந்தாவது, அதுவும் தமிழில். எங்கள் பக்கத்து ஆபீசுகளிலோ எல்லாம் தெலுங்கு.

என் வீட்டுக்காரருக்குக் கூச்சம் கிடையாது. பயம்தான். காக்கிச் சட்டையைப் பார்த்தால் பஸ் கண்டக்டராக இருந்தாலும் எழுந்து நின்று, தோளில் இருக்கும் துண்டை இடுப்பில் கட்டிக்கொள்வார்.

இப்படிப்பட்ட இரண்டு பேருக்கு ஒரு மகன், குமார். திருப்பதியில் ரூம் எடுத்து வெல்டிங் வேலை பார்த்தான். அப்போது ஊருக்கு ஊர் எஸ்.டி.டி. பூத் வந்து, தெருவுக்கு ஒரு பிள்ளை மஸ்கட், துபாய் என்று கிளம்பிக்கொண்டிருந்த சமயம். இவனும் பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டான். திருப்பதி ஸ்டேஷனில் விசாரித்தபோது, இவன் பெயரில் சித்தூரில் ஒரு பழைய கேஸ் இருப்பது தெரிந்தது.

கேஸ் என்றால் பெரிய கேஸ் இல்லை. பொங்கலுக்கு நடந்த வாலிபால் போட்டியில் பந்து கோட்டுக்கு உள்ளே விழுந்ததா, வெளியே விழுந்ததா என்று இரண்டு ஊருக்கும் அடிதடி. போலீஸ் வந்து விளையாடினவன், வேடிக்கை பார்த்தவன், பந்துக்குக் காற்றடித்தவன் எல்லாரையும் எழுதிக்கொண்டு போனது. எங்கள் குமார் காற்றடித்தவன். கோர்ட்டு அந்தக் கேஸை எப்போதோ தள்ளிவிட்டது. ஆனால் தள்ளிய தீர்ப்பின் நகல் கையில் இல்லை.

குமார் மஸ்கட் வேலைக்கு வைக்கும் டிரேடு டெஸ்டுக்காக மெட்ராஸில் இருந்தான். அங்கிருந்து பூத்துக்குப் போன் செய்தான். "எம்மா, கோர்ட்டுல அந்தக் கேஸு காபி வாங்கிக்கினு போயி திருப்பதி ஸ்டேஷன்ல குடுத்துடு. இல்லாட்டி கேஸு கீதுன்னே எழுதி அனுப்பிடுவாங்களாம். அப்பால மஸ்கட் போனாப்லதான். நைனாவ நம்பாத, நீயே..." லைன் கட்டாகிவிட்டது.

'நீயே' என்றான் இல்லையா? அது போதும். மறுநாள் காலை முதல் பஸ் பிடித்துவிட்டேன். இறங்கவேண்டிய இடம் கடைசி ஸ்டாப் என்பதால் யாரிடமும் சொல்லத் தேவையில்லை.

கோர்ட்டு வராந்தாவில் டவாலிப் பட்டை போட்ட கோர்ட்டுச் சேவகர் ஒருவர் ஒவ்வொரு பெயரையும் மூன்று முறை கத்திக் கூப்பிட்டார். மூன்றாவது முறைக்குள் யாரோ ஒருவர் பீடியைப் போட்டுவிட்டு ஓடினார். அதைப் பார்த்ததுமே நான் வராந்தாவை விட்டு இறங்கிவிட்டேன். வேப்பமரத்தடியில் டைப்ரைட்டரோடு உட்கார்ந்து மனு எழுதிக் கொடுப்பவரிடம் போய் நின்றேன். தெலுங்குக்காரர். ஆனாலும் என் முகத்தைப் பார்த்துத் தமிழுக்கு வந்தார்.

"கேஸ் நம்பர் செப்பும்மா."

தெரியாது.

"பையன் பேரு?"

"குமாரு."

"அப்பா பேரு?"

இங்கேதான் மாட்டிக்கொண்டேன். எங்கள் வீடுகளில் பெண்டாட்டி புருஷன் பெயரைச் சொல்லமாட்டாள். சொன்னால் அவருக்கு ஆயுசு குறையும் என்று எங்கள் அம்மா சொல்லி அனுப்பியிருந்தார். கல்யாணமாகி இருபத்தேழு வருஷத்தில் நான் ஒருதரம்கூடச் சொன்னதில்லை. அவருக்கோ திருப்பதிச் சாமியின் பெயர். (அதனால் சாமியையும் பெயர் சொல்லிக் கும்பிட முடியாமல், 'மேலே இருக்கிறவரே' என்றுதான் கும்பிடுவேன்.)

டைப்ரைட்டர் மேல் பெருமாள் படம் ஒட்டியிருந்தது. அதைப் பார்த்துக் கும்பிட்டேன்.

"சீனிவாசுலுவா?"

இல்லை என்று தலையாட்டினேன்.

"கோவிந்தனா? பாலாஜியா?"

இவர் நெருங்கி வருகிறாரே என்று உற்சாகமாகி ஏழு விரலை விரித்துக் காட்டினேன். மலைகளைச் சொன்னேன். அவர், "ஓகோ, ஏழாவது முத்தாயியா?" என்று எழுதிக்கொண்டார். முத்தாயி என்றால் கேஸில் மாட்டின ஆளாம். அது எனக்கு அன்று தெரியாது.

"அப்போ வெங்கடேஸ்வர்லு. அதானேம்மா?"

எனக்குப் பின்னால் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். ஒருவர் பெரிதாக இருமினார். எல்லாம் ஒரே சாமிதானே, எந்தப் பெயராக இருந்தால் என்ன என்று நினைத்தேன். தலையை ஆட்டினேன்.

நாலு நாளில் நகல் வந்தது. வட்ட முத்திரையும் பச்சை மையில் கையெழுத்துமாகப் பார்க்கவே லட்சணமாக இருந்தது. ஓர் எழுத்தும் புரியவில்லை. ஓரத்தில் மஞ்சள் தடவி, சாமி படத்தடியில் ஓர் இரவு வைத்து எடுத்துக்கொண்டு திருப்பதி பஸ் ஏறினேன்.

ஸ்டேஷனில் எழுத்து வேலை பார்க்கும் ரைட்டர் வயதானவர், நல்ல மனுஷர். காகிதத்தைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு இன்னொருதரம் படித்தார்.

"அம்மா, இதுல இருக்கிறது எல்லாம் உண்மையா?"

"அத்தனையும் நெசம் சார். சாமி பாதத்துல வெச்சு எடுத்தாந்தேன்."

"உன் புள்ளைதானா?"

"என் ஒரே புள்ள சார். ஊர்ல யாரை வேணா கேட்டுப் பாருங்க, இதே தான் சொல்லுவாங்க."

"கிணத்து மோட்டார் திருடி ஆறு மாசம் ஜெயில்ல இருந்திருக்கான். ஊர்ல இதைத்தான் சொல்லுவாங்களா?"

அவரே தொடர்ந்தார். "வயசு நாப்பத்தாறுன்னு போட்டிருக்கு. உனக்கு இன்னா வயசும்மா?"

"நாப்பத்தஞ்சு சார்."

"அப்போ உன் புள்ள உன்னைவிட ஒரு வயசு பெரியவன்."

ஸ்டேஷனே சிரித்தது. லாக்கப்பில் இருந்த ஆள்கூடச் சிரித்தான். ரைட்டர் மட்டும் சிரிக்காமல், "வெள்ளிக்கிழமை வரைக்கும் பைலை அனுப்பமாட்டேன். சரியான காபியைக் கொண்டா" என்றார்.

திரும்பும் வழியெல்லாம் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன். ஆனால் அழவில்லை. வீட்டுக்குப் போனதும் அவரிடம் நடந்ததைச் சொல்லி, "நாளைக்கு நீங்களும் வரீங்க. உங்க பேரை நீங்களே சொல்லிடுங்க" என்றேன். வாழ்க்கையில் நான் அவருக்குப் போட்ட முதல் உத்தரவு. வந்தார், வேப்பமரம் வரைக்கும்.

"உள்ள வாங்க."

"நான் வரலமே. ஏற்கெனவே ஒரு மோட்டார் கேஸு நம்ம வூட்டு மேல கீது. உள்ள போனா எம்பேரையும் சேத்துக்குவாங்க. நீயே போய்க்கினு வா."

நகல் கொடுக்கும் ஜன்னலுக்கு நான் மட்டும் போனேன். உள்ளே ஒரு குமாஸ்தா அம்மா. பெயருக்குத் தலையாட்டியதில் தப்பான காபி வந்துவிட்டது என்று தட்டுத் தடுமாறிச் சொன்னேன். "இந்தத் தடவை தலையாட்டக் கூடாது. அப்பா பேரை வாயால சொல்லணும்" என்றார். எனக்கு ஒரு யோசனை வந்தது. சொன்னால்தானே பாவம், எழுதினால் இல்லையே! காகிதம் கேட்டு வாங்கி, ஐந்தாம் வகுப்புப் படிப்பையெல்லாம் திரட்டி அழகாக எழுதி நீட்டினேன். அவர் அதை நேராகப் பார்த்தார், தலைகீழாகப் பார்த்தார்.

"அரவமா? நாக்கு அரவம் சதவடம் ராதம்மா." தமிழ் பேசுவாராம், படிக்கத் தெரியாதாம்.

மணி நாலு. ஜன்னலை மூடுகிற நேரம். மறுநாள் வெள்ளிக்கிழமை. மலை இருக்கும் பக்கமாகத் திரும்பி, 'மேலே இருக்கிறவரே, இவருக்கு ஏதாவது ஆனால் நீர்தான் பொறுப்பு' என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன்.

"ஏழுமலை" என்றேன்.

மேலே ஓடின பேனில் அது பறந்து போனது. "ஏமி?" என்று காதைக் கொடுத்தார்.

"ஏழுமலை!"

பக்கத்தில் இரண்டு டைப்ரைட்டர். அதுவும் கேட்கவில்லை. இருபத்தேழு வருஷமாக அடக்கி வைத்திருந்தது எங்கிருந்து கிளம்பியதோ, கம்பியைப் பிடித்துக்கொண்டு மூன்றாவது முறை கத்தினேன்.

"ஏழுமலை!!"

அந்த நேரம் பார்த்து டைப்ரைட்டர் இரண்டும் நின்றிருந்தன. கோர்ட்டு முழுக்க எதிரொலித்தது.

மரத்தடியில் இருந்தவருக்குத் தன் பெயர் மூன்று முறை கேட்டிருக்கிறது. கூப்பிட்டது பெண்டாட்டி என்று எப்படித் தெரியும்? அந்தக் குரலில் தன் பெயரை அவர் கேட்டதே இல்லையே! செருப்பை மரத்தடியிலேயே விட்டுவிட்டு, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, கும்பிட்ட கையோடு வராந்தாவில் ஓடி வந்தார்.

"வந்துட்டேன் சாமி! நான் எந்த மோட்டாரும் எடுக்கல சாமி!"

வக்கீல்கள் சிரித்தார்கள். டவாலிக்காரர் சுவரில் சாய்ந்து சிரித்தார். குமாஸ்தா அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே, "ஏடுகொண்டலு அனி முந்தே செப்பக் கூடாதா அம்மா!" என்று பெரிய நோட்டைப் புரட்டினார். எங்கள் ஏழுமலையைத் தெலுங்கில் அப்படித்தான் எழுதி வைத்திருந்தார்களாம். வாலிபால் கேஸ் அரைமணியில் அகப்பட்டது. எங்களைப் பார்த்துச் சிரித்த புண்ணியத்துக்கு, மறுநாள் காலையிலேயே நகலைக் கொடுத்துவிட்டார். அதே கையோடு திருப்பதிக்குப் போனேன். ரைட்டர் படித்துவிட்டு, "இப்போ புள்ளைக்கு இருபத்திமூணு வயசு. சரியா இருக்கு" என்றார்.

குமார் மஸ்கட் போனான். அங்கிருந்து வந்த முதல் போனில், "எம்மா, நைனா மோட்டாரைத் திருப்பிக் குடுத்துட்டாரா?" என்றுதான் கேட்டான்.

மூன்று முறை சொன்னதில் அவர் ஆயுசு குறைந்துவிடும் என்று பல நாள் பயந்தேன். எண்பதைத் தாண்டி, இன்றைக்கும் மூன்று வேளையும் சாப்பிடுகிறார். அதற்குப் பிறகு அந்தப் பெயரை நான் சொன்னதில்லை. தேவையும் இல்லை. சாப்பாடு ஆனதும் கரண்டியால் தட்டில் மூன்று முறை தட்டுவேன். எந்த மூலையில் இருந்தாலும் அவரிடமிருந்து பதில் வந்துவிடும்:

"வந்துட்டேன் சாமி! நான் எடுக்கல!"