பயணம் ஒன்று, கறையுள்ளது

எளாவூர் செக்போஸ்ட்டிலிருந்து திருவள்ளூர் வரைக்கும் யார் எங்கே ஏறுகிறார்கள், எங்கே இறங்குகிறார்கள், எந்த சீட்டில் உட்கார்ந்தால் யாருக்கு வாந்தி வரும் என்பதெல்லாம் அரசாங்கத்துக்குத் தெரியாது. ஸ்டாப்பிங்குக்குத் தெரியும்.

ஸ்டாப்பிங் என்னோடு துணி வடிவமைப்பு படித்தவள். பெற்றோர் வைத்த நல்ல பெயர் ஒன்று உண்டு, ஆனால் வருகைப் பதிவேட்டுக்கு வெளியே அது புழங்கியதில்லை. புதிதாக யாரைப் பார்த்தாலும் அவள் பெயர் கேட்க மாட்டாள், ஊர் கேட்க மாட்டாள், "எந்த ஸ்டாப்பிங்?" என்றுதான் கேட்பாள். கல்லூரி திறந்த முதல் நாள் எங்கள் துறைத்தலைவி மேடம் தன் படிப்பு, பட்டம், விருது எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டு, யாருக்காவது சந்தேகம் உண்டா என்றார். ஸ்டாப்பிங் எழுந்து, மேடம் எந்த ஸ்டாப்பிங் என்று கேட்டாள். மேடம் காரில் வருகிறவர். அந்தக் காயம் அவருக்கு மூன்று வருஷமும் ஆறவில்லை.

என் பெயரும் அவளுக்குத் தேவைப்படவில்லை. நான் செவ்வாப்பேட்டையில் ரயில் ஏறி, திருவள்ளூரில் இறங்கி, பெரியபாளையம் ரோட்டில் வயல்களுக்கு நடுவே இருந்த எங்கள் கல்லூரிக்கு பஸ் பிடிப்பவள். ஆகவே நான் "செவ்வாப்பேட்ட". எனக்குத் தலைவலி என்றால், "செவ்வாப்பேட்டைக்கு தலை வலிக்குதாம்" என்பாள். ஊரே படுத்துவிட்டது போல இருக்கும்.

கடைசி செமஸ்டரில் இரண்டு இரண்டு பேராகச் சேர்ந்து ஒரு துணி ஓவியம் செய்ய வேண்டும் என்றார் மேடம். தலைப்பு, அன்றாடப் பயணங்கள். சுவரில் தொங்கவிடுகிற மாதிரி, ஏழடி. வெளியிலிருந்து ஒரு எக்ஸ்டர்னல் மேடம் வந்து மார்க் போடுவார். ஜோடிகளை வருகைப் பதிவேட்டு வரிசைப்படி பிரித்தார்கள். அகர வரிசை எனக்கு அதுவரை ஒரு கெடுதலும் செய்ததில்லை.

மற்ற ஜோடிகள் மறுநாளே வேலையை ஆரம்பித்துவிட்டன. ரயில் பெட்டி, பஸ் ஜன்னல், மாட்டு வண்டி என்று போனில் படம் தேடி எடுத்து பேப்பரில் வரைந்தார்கள். மாட்டு வண்டி வரைந்தவர்கள் இரண்டு பேருமே அதில் ஏறியதில்லை. நானும் ஒரு படம் தேடி வைத்திருந்தேன். கருநீலத் துணியில் சாம்பல் நிறத் தண்டவாளம் இரண்டு, தூரத்தில் போய்ச் சேருவது போல. பார்க்க அம்சமாக இருக்கும், மார்க் நிச்சயம். ஸ்டாப்பிங்கிடம் காட்டினேன். அவள் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஆளுங்க எங்கடி?" என்றாள்.

இது ஒரு மாதிரி சூட்சுமமான டிசைன் என்று விளக்கினேன். அவள் காதில் அது விழவில்லை. ஓடுகிற வண்டியை லேபில் உட்கார்ந்து தைப்பது ஏமாற்று வேலை என்றும், துணியே வண்டி ஏறிப் போய்வர வேண்டும் என்றும் தீர்ப்பு சொன்னாள். அவள் அம்மா தேர்வாய் கண்டிகையில் ஒரு கம்பெனியில் வயர் பொருத்துகிற வேலை பார்ப்பவர். எளாவூரிலிருந்து விடியற்காலை கம்பெனி வேன் கிளம்பும், வழியெல்லாம் பெண்களை ஏற்றிக்கொண்டு போகும். அந்த வேனில் நம் துணியை ஏற்றுவோம், வருகிற அக்காக்கள் ஏறுகிற இடத்திலிருந்து இறங்குகிற இடம் வரை ஆளுக்கொரு வரி தைக்கட்டும், வண்டி என்ன செய்கிறதோ அதை ஊசி செய்யட்டும், நாம் நூல் கோத்துக் கொடுத்தால் போதும் என்றாள்.

சரி என்றேன். சொல்லிவிட்டு அன்று சாயங்காலமே திருவள்ளூர் கடைத்தெருவில் இரண்டே கால் மீட்டர் கருநீலத் துணி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். அவளிடம் சொல்லவில்லை. முன்ஜாக்கிரதை என்று அதற்கு நானே பெயர் வைத்துக்கொண்டேன்.

வேன் வேலைக்காக நான்கு நாள் அவர்கள் வீட்டில் தங்கினேன். விடியும் முன்னே அவள் அம்மா எழுப்பி, கையில் டீயைத் திணித்து, வேனில் ஏற்றிவிடுவார். உட்கார்ந்திருக்கும் ஐந்து பேர் மடியில் ஏழடி காடா துணியை விரித்து, ஆளுக்கொரு நிற நூலில் ஊசியைக் கொடுப்பாள் ஸ்டாப்பிங். மறுநாள் வேறு ஐந்து பேர். ஹைவேயில் லாரிகளோடு போகிறவரை தையல் ஒழுங்காக வரும். கும்மிடிப்பூண்டியில் மேற்கே திரும்பியதும் ரோடு தன் வேலையைக் காட்டும். தையல் எகிறும், குதிக்கும், பக்கத்து அக்காவின் வரிமேல் ஏறி இறங்கும்.

ஒரு அக்கா போனில் புருஷனோடு சண்டை போட்டுக்கொண்டே நூலை இழுத்து இழுத்துத் தைத்தார். அந்த இடத்தில் துணி இன்றைக்கும் தகரம் மாதிரி இருக்கும். புதிதாகக் கல்யாணமான ஒரு பெண் வரி தைக்கச் சொன்னால் வட்டம் வட்டமாகத் தைத்துக்கொண்டிருந்தாள். இன்னொருவர் ஊசியைக் குத்திய மூன்றாவது நிமிஷம் தூங்கிவிட்டார், நூல் பாதியில் தொங்கியது. நான் அதைப் பிரித்துவிட்டு வேறு யாரிடமாவது கொடுக்கலாம் என்றேன்.

"அக்கா தூங்கிக்கினு போறாங்க. நூலும் தூங்கிக்கினு போவட்டும்" என்றாள் ஸ்டாப்பிங்.

மூன்றாம் நாள் யாருடைய டிபன் பாக்ஸோ திறந்துகொண்டு சாம்பார் கொட்டியது. நான் ஏறக்குறைய அழுதுவிட்டேன். அவள் கறையைச் சுற்றி மஞ்சள் நூலால் பொறுமையாக ஒரு கோடு தைத்து, இது கண்ணன்கோட்டை ஸ்பீட் பிரேக்கர் என்றாள். ஊருக்குத் திரும்பியதும் என் கருநீலத் துணியில் இன்னும் வேகமாகத் தைக்க வேண்டும் என்று மனசுக்குள் குறித்துக்கொண்டேன்.

பெரிய விபத்து நான்காம் நாள் நடந்தது. மேரி அக்கா என்று ஒருவர், வேனிலேயே அதிகம் உற்சாகமாகத் தைத்தவர். உற்சாகத்தில் காடா துணியோடு தன் துப்பட்டாவையும் சேர்த்து ஒரு முழம் தைத்துவிட்டார். வேன் கம்பெனி வாசலில் நின்றது, பஞ்ச் அடிக்க இரண்டு நிமிஷம்தான் இருந்தது. அவர் எழுந்து ஓடினார். பின்னாலேயே எங்கள் செமஸ்டரும் ஓடியது. நாங்கள் வேனிலிருந்து குதிப்பதற்குள் ஏழடி துணி தரையைப் பெருக்கிக்கொண்டு கேட்டைத் தாண்டிவிட்டது.

செக்யூரிட்டி பிடித்துக்கொண்டார். கத்தரியால் துப்பட்டாவை விடுவித்தார், துணியை விடுவிக்கவில்லை. வெளிப்பொருள் உள்ளே வந்தால் ரெஜிஸ்டரில் ஏற்ற வேண்டும், ஏற்றியதை வெளியே விட மேனேஜர் கையெழுத்து வேண்டும். மேனேஜர் லீவில் இருந்தார். இது இன்னாம்மா என்று அவர் மேரி அக்காவைக் கேட்டிருக்கிறார். இது துணி இல்லை, பயணம் என்று நான்கு நாளாக ஸ்டாப்பிங் ஓதியது அக்கா மனசில் இருந்தது. "பயணம் சார்" என்று சொல்லிவிட்டு ஓடிவிட்டார். செக்யூரிட்டி நேர்மையான மனிதர். கேட்டதைக் கேட்டபடி எழுதினார். பொருள்: பயணம். எண்ணிக்கை: ஒன்று. நிலை: கறையுள்ளது.

தேர்வுக்கு மூன்று நாள் இருந்தது. இனி ஆகாது, வேறு ஏதாவது செய்துகொள்ளலாம் என்று சொல்லி நான் செவ்வாப்பேட்டைக்கு வந்துவிட்டேன். வேறு ஏதாவது என்பது என் பீரோவில் பாதிக்கு மேல் தயாராக இருந்தது. அவளோ தினமும் கம்பெனி கேட்டுக்குப் போனாள். முதல் நாள் செக்யூரிட்டி அவளை விரட்டினார். இரண்டாம் நாள் அவர் கவரப்பேட்டையில் ஏறுகிறவர் என்பதைக் கண்டுபிடித்துவிட்டாள், அவளுக்கு அவரே நாற்காலி எடுத்துப் போட வேண்டியதாகிவிட்டது.

தேர்வன்று காலை அவள் வரவில்லை. போனை எடுக்கவில்லை. எங்களுக்கு ஒதுக்கிய சுவரில் என் கருநீலத் துணியை மாட்டினேன். கீழே இரண்டு பேர் பெயரையும் எழுதி ஒட்டினேன். அவளுக்கு உதவி செய்வதாகவே நினைத்துக்கொண்டேன் என்று சொன்னால் நீங்கள் நம்ப வேண்டாம்.

எக்ஸ்டர்னல் மேடம் உள்ளே நுழையும்போது பின்னாலேயே ஸ்டாப்பிங்கும் வந்தாள், தோளில் அரிசிச் சாக்கு. சுவரைப் பார்த்தாள். தண்டவாளத்தைப் பார்த்தாள். கீழே தன் பெயரைப் பார்த்தாள். பின்னு இருக்குதா என்று மட்டும் கேட்டாள். கொடுத்தேன். சாக்கிலிருந்து துணியை எடுத்து என்னுடையதன் பக்கத்தில் மாட்டினாள்.

எக்ஸ்டர்னல் மேடம் என் தண்டவாளத்தின் முன்னால் நின்று, நல்ல சுத்தமான வேலை என்றார். எனக்கு உச்சி குளிர்ந்தது. பிறகு, இது எந்த ஸ்டேஷன், எத்தனை மணி ரயில், எதிர் சீட்டில் தினமும் யார் உட்காருவார்கள் என்று சாதாரணமாகக் கேட்டார். மூன்று வருஷம் தினமும் போய் வந்த ரயில். எதிர் சீட்டில் ஒருவர் இருந்தார் என்பது வரை தெரியும், ஆணா பெண்ணா என்று தெரியாது. எங்கள் துறைத்தலைவி கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"மேடம், அது செவ்வாப்பேட்ட" என்றாள் ஸ்டாப்பிங். "இவ ஏறினதும் ஹெட்போன் மாட்டிக்கினு ஜன்னல் பக்கம் திரும்பிக்குவா. யார் மூஞ்சியும் பாக்க மாட்டா. அதான் தண்டவாளம் மட்டும் இருக்குது. இவ தெனிக்கும் போற ரயிலு இதுதான் மேடம்."

எக்ஸ்டர்னல் மேடம் என்னைப் பார்த்தார், துணியைப் பார்த்தார். தனிமை, வெரி குட் என்று எழுதிக்கொண்டார். என் மானம் போனதும் மார்க் வந்ததும் ஒரே வாக்கியத்தில்.

அடுத்து பயணத்தின் முன்னால் போய் நின்றார். தகரம் போல் இருந்த இடத்தைத் தடவினார். பாதியில் நின்ற வரியை ஏன் முடிக்கவில்லை என்றார். தூங்கிய அக்காவைப் பற்றி அவள் சொன்னாள். வட்டத்தைப் பற்றி, சாம்பாரைப் பற்றி, கடைசியில் கத்தரித்த இடத்தைப் பற்றியும் சொன்னாள். எல்லாம் சரி, இதில் உன் வேலை எது என்று கேட்டார் அவர்.

"நூல் கோத்துக் குடுத்தேன் மேடம்."

பக்கத்தில் துறைத்தலைவி கண்ணை மூடிக்கொண்டார்.

மார்க் இரண்டு பேருக்கும் ஒன்றுதான், முதல் வகுப்பு. குறிப்பில் அவள் துணிக்குக் கருத்து நன்று, முடிப்பு மோசம் என்றும், என் துணிக்கு முடிப்பு நன்று, கருத்து பார்ட்னர் சொல்லித் தெரிந்தது என்றும் இருந்ததாகக் கேள்வி. என் தண்டவாளத்தை பிரின்சிபால் அறையில் மாட்டினார்கள். அதன் கீழே ஒரு ஏசி ரிமோட் தொங்குகிறது.

அன்று சாயங்காலம் திருவள்ளூர் பஸ்ஸில் அவள் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். மூன்று வருஷத்தில் முதல் முறையாக அந்த பஸ்ஸில் அவள் குரல் கேட்கவில்லை. கண்டக்டரே இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார். திட்டினாலாவது பதில் சொல்லலாம். பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போதுதான் வாயைத் திறந்தாள். எப்போது ஆரம்பித்தாய் என்று கேட்டாள். முதல் நாளே என்றேன்.

"தையல் ஒவ்வொண்ணும் ஒரே அளவா இருக்குது. நீ சூப்பரா தைக்கிறடி. எங்கிட்ட சொல்லியிருக்கலாம்."

அவ்வளவுதான். அதற்கப்புறம் அவள் அதைப் பற்றிப் பேசியதே இல்லை. நான்தான் பேசிக்கொண்டிருக்கிறேன், பல வருஷமாக, பெரும்பாலும் பாத்திரம் கழுவும்போது.

பயணம் என்ன ஆயிற்று என்றால், தேர்வன்று காலை லீவு முடிந்து வந்து துணியை வெளியே விட்ட மேனேஜர், கேட் பாஸில் ஒரு கட்டத்துக்குள் டிக் அடித்திருந்தார், திரும்ப வர வேண்டிய பொருள் என்று. கவரப்பேட்டை செக்யூரிட்டி சட்டம் பேசினார். தேர்வு முடிந்த மறுநாளே ஸ்டாப்பிங் துணியை எடுத்துக்கொண்டு போய் ஒப்படைத்தாள். கம்பெனிக்கு அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை. கடைசியில் வேனுக்கே கொடுத்துவிட்டார்கள். சாயங்காலம் வெயில் விழுகிற பக்கத்து ஜன்னலுக்கு அது திரை ஆனது. புதிதாக வேலைக்குச் சேர்கிற பெண்கள் அதில் ஆளுக்கொரு வரி தைப்பது அங்கே ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது என்று மேரி அக்கா சொன்னார். பிரின்சிபால் அறை ஓவியத்தைப் பற்றி இதுவரை யாரும் எனக்கு எதுவும் சொன்னதில்லை.

ஸ்டாப்பிங் இப்போது திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் மாதிரித் துணி தைக்கிற பிரிவில் இருக்கிறாள். மெசேஜ் டைப் பண்ண மாட்டாள். வாய்ஸ் நோட்தான், ஒவ்வொன்றும் பத்து நிமிஷம், பாதிக்கு மேல் காற்றும் ஹார்ன் சத்தமும். விஷயம் என்று பார்த்தால் ஒன்றும் இருக்காது. இருந்தாலும் கடைசிவரை கேட்பேன். போன மாதம் என் போனில் இனி இடமில்லை, எதையாவது அழி என்று எச்சரிக்கை வந்தது. என் கல்யாண வீடியோவை அழித்தேன். வீட்டுக்காரருக்கு இன்னும் தெரியாது.